‘ரெஸ்பெக்ட்’ என்றால் மரியாதை மட்டுமா? அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம். வெளியே போகும் ஆங்கிலக் கடிதங்களை ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. தாராபுரம், காங்கேயம், கோபி என்று சுற்றுவட்டத்திலிருந்து பட்டம் முடித்துப் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள்தான் எங்களிடம் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற ‘பையர்’களோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்களாக, சேர்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆறு மாதத்தில் துணியைத் தொட்டுப் பார்த்தே எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ‘ரெஸ்பெக்ட்’ என்ற ஒரு சொல்லில் ஏறக்குறைய எல்லோரும் வழுக்குகிறார்கள்.

பள்ளியில் ‘ரெஸ்பெக்ட் என்றால் மரியாதை’ என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். வேலைக்கு வந்த பிறகு கண்ணில் படும் இடங்களில் பாதிக்கு அந்தப் பொருள் ஒட்டவே ஒட்டாது. கீழே உள்ள வரிசை, பலருக்குச் சொல்லிக் கொடுத்து, எங்கே தடுக்குகிறது என்று பார்த்துப் பார்த்து அமைத்தது. மரியாதை என்ற பொருளை வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன். அதை முதலில் எடுத்தால் மற்ற எல்லாப் பொருள்களையும் அது விழுங்கிவிடும்.

தொடங்கும் முன் வேண்டியவை

நீங்களே எழுதி அனுப்பிய பழைய மின்னஞ்சல்கள் ஒரு பத்து. உங்களுக்கு வந்தவை ஒரு பத்து. இரண்டிலும் இந்தச் சொல் இருக்க வேண்டும். தேடல் பெட்டியில் போட்டால் கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வரும் ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி ஒன்று. ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது. அது ‘மரியாதை, மதிப்பு, விதம், தொடர்பு’ என்று நான்கு சொற்களை அடுக்கி வைத்துவிட்டு, எதை எங்கே எடுப்பது என்று சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

ஒரு நோட்டு, ஒரு பென்சில். கைப்பேசி மொழிபெயர்ப்பியை நான்காம் படி முடியும்வரை திறக்காதீர்கள். அது விடையைக் கொடுத்துவிடும், காரணத்தைக் கொடுக்காது. அடுத்த கடிதத்தில் அதே இடத்தில் மறுபடி விழுவீர்கள்.

1. சொல்லை விடுங்கள், பக்கத்தில் நிற்கிற சிறு சொல்லைப் பாருங்கள்

இருபது கடிதங்களையும் எடுத்து, ‘ரெஸ்பெக்ட்’ வரும் இடத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சொல்லைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ‘வித்’ இருக்கிறதா, ‘இன்’ இருக்கிறதா? பின்னால் ‘டு’ வருகிறதா, ‘ஆஃப்’ வருகிறதா, ‘ஃபார்’ வருகிறதா?

காரணம் எளிது. நமக்கு வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்தச் சிறு சொற்கள் செய்கின்றன. ‘அவனை’ என்பதும் ‘அவனுக்கு’ என்பதும் ஒன்றல்ல என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே கவனத்தை அங்கே ‘டு’, ‘ஃபார்’ மீது வைக்க வேண்டும்.

‘வித் ரெஸ்பெக்ட் டு’ என்றால் பொறுத்து, பொறுத்தவரை. ‘இன் ரெஸ்பெக்ட் ஆஃப்’ என்றால் குறித்து, தொடர்பாக. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘அதற்காக’. ‘இன் திஸ் ரெஸ்பெக்ட்’ என்றால் இந்த விதத்தில். ‘இன் மெனி ரெஸ்பெக்ட்ஸ்’ என்றால் பல வகைகளில். ‘ரெஸ்பெக்ட் ஃபார்’ என்று வந்தால்தான் மதிப்பு, மரியாதை.

ஐந்தில் ஒன்றுதான் மரியாதை. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. மரியாதை இல்லாத பொருளை முதலில் முடியுங்கள்

பிளஸ் டூ கணிதம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். ‘எக்ஸைப் பொறுத்து வகையிடுக’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருமே, அந்தப் ‘பொறுத்து’தான் ‘வித் ரெஸ்பெக்ட் டு’. அங்கே யாரும் எக்ஸுக்கு மரியாதை கொடுக்கவில்லை. ஒன்று மாறும்போது அதையொட்டி மற்றொன்று எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி. இந்த ஒன்றைச் சொன்னதும் பல முகங்கள் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

சட்ட நடையிலும் இதுதான். இந்திய அரசமைப்பின் 246ஆம் பிரிவு, முதல் பட்டியலில் உள்ள பொருள்கள் ‘குறித்து’ச் சட்டம் இயற்றும் தனி அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்கிறது. ஆங்கில மூலத்தில் அந்தக் ‘குறித்து’ இருக்கும் இடத்தில் ‘வித் ரெஸ்பெக்ட் டு’ நிற்கிறது. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம், 1791இல் வந்தது, மதத்தை நிறுவுவது ‘ரெஸ்பெக்டிங்’ எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்கிறது. மதத்தை மதிக்கும் சட்டம் கூடாது என்று அதைப் படித்துவிட்டு ஒரு தம்பி என்னிடம் கொதித்துப்போய் வந்தார். அங்கே ‘ரெஸ்பெக்டிங்’ என்றால் ‘பற்றி’ மட்டுமே.

‘இன் ரெஸ்பெக்ட் ஆஃப்’ உங்களுக்கு அதிகம் வருவது வரி, காப்பீடு, வங்கிக் கடிதங்களில். இன்ன இன்வாய்ஸ் ‘தொடர்பாக’ச் செலுத்திய தொகை என்று படியுங்கள். இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்க பையருக்கு எழுதும்போது இதைத் தவிர்த்து, பணம் கொடுத்த இடத்தில் வெறும் ‘ஃபார்’ போடுங்கள்.

இங்கே நடக்கும் பிழை இரண்டு. ஒன்று, இரண்டையும் கலந்து ‘வித் ரெஸ்பெக்ட் ஆஃப்’ என்று எழுதுவது. ‘வித்’ வந்தால் ‘டு’, ‘இன்’ வந்தால் ‘ஆஃப்’. ஜோடியை மாற்றக் கூடாது. இரண்டாவது, கடிதத்தின் முதல் வரியை எப்போதும் ‘வித் ரெஸ்பெக்ட் டு யுவர் மெயில்’ என்றே தொடங்குவது. தவறில்லை, ஆனால் தேவையுமில்லை. எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

3. ‘ரெஸ்பெக்டிவ்லி’: இங்கே அவசரப்படாதீர்கள்

அலுவலகத்தில் பண இழப்பு எளிதில் வரக்கூடிய இடம் இது. அதனால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இதற்குப் பழுதில்லாத ஒரு சொல் இருக்கிறது: முறையே. ‘ஈரோடு, கரூர், நாமக்கல் ஆகியவை முறையே மஞ்சள், வீட்டு உபயோகத் துணி, முட்டைக்குப் பெயர் பெற்றவை’ என்றால் எது எதற்கு என்று குழப்பமே இல்லை. முதல் வரிசையில் மூன்று, இரண்டாம் வரிசையில் மூன்று, ஒன்றுக்கு ஒன்று நேராக.

இனி ஒரு நிகழ்ச்சி. எங்களிடம் சேர்ந்து இரண்டு மாதமான ஒருவர், பேக்கிங் பிரிவுக்கும் பையருக்கும் சேர்த்து ஒரே மெயில் போட்டார். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நான்கு அளவுகள். பெட்டிக்கு எத்தனை பீஸ் என்பதை ‘36, 30, 24 ரெஸ்பெக்டிவ்லி’ என்று முடித்திருந்தார். எம்முக்கும் எல்லுக்கும் ஒரே 30. எதற்கு இரண்டு முறை எழுதுவது என்று ஒன்றை விட்டுவிட்டார். பேக்கிங்கில் இருந்தவர்கள் வரிசையாகவே எடுத்துக்கொண்டார்கள்: எல்லுக்கு 24. எக்ஸ்எல்லுக்கு எண்ணே இல்லை, அதனால் அதற்கும் 24. தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப வேண்டிய மாலையில் எல் பெட்டிகள் அத்தனையும் டேப் கிழித்துத் திறக்கப்பட்டன. அன்று இரவு பேக்கிங்கில் அவரும் நின்று பெட்டி ஒட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் உதடு அசைய இரண்டு பக்கமும் எண்ணுவதைப் பார்க்கிறேன்.

ஆகவே படி இது. இடப்பக்கப் பட்டியலை எண்ணுங்கள். வலப்பக்கப் பட்டியலை எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் ‘ரெஸ்பெக்டிவ்லி’ போடுங்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால் இரண்டு முறையும் எழுதுங்கள். நான்குக்கு மேல் போனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு அட்டவணை போடுங்கள். படிப்பவர் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்தது எழுத்துக் குழப்பம். ‘ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ என்றால் பணிவுடன். ‘36, 30, 30, 24 ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ என்று எழுதினால் எண்கள் கைகட்டி நிற்கும். மின்னஞ்சல் செயலி இதைப் பிழையென்று சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடக்கூடும், ஏனென்றால் அதுவும் சரியான சொல்தான். கண்தான் பிடிக்க வேண்டும்.

‘ரெஸ்பெக்டிவ்’ என்பது தத்தம், அந்தந்த. சாம்பிள்களை அந்தந்தப் பிரிவுக்கு அனுப்பினோம் என்னும்போது வரும். ‘இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப்’ என்பது எதுவாயினும், பாராமல். சாதி மதம் பாராமல் என்று மேடையில் சொல்கிறோமே, அது. இதை ‘மரியாதை இல்லாமல்’ என்று எண்ணி, ஒருவர் முரட்டுத்தனமாகப் பேசினார் என்பதற்கு எழுதியவர்களும் உண்டு. அதற்குரிய சொல் ‘டிஸ்ரெஸ்பெக்ட்ஃபுல்’.

4. வினையாக வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்

இப்போதுதான் மதிப்பு என்ற பொருளுக்குள் நுழைகிறோம். ‘ரெஸ்பெக்ட்’ வினையாக வந்தால், எதை மதிக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஆளையா, முடிவையா, விதியையா?

ஆள் என்றால் மதிப்பது. அவருடைய திறமையையோ குணத்தையோ உயர்வாக நினைப்பது.

முடிவு, விருப்பம், தனிமை போன்றவை என்றால் குறுக்கிடாமல் இருப்பது. ‘உங்கள் முடிவை ரெஸ்பெக்ட் செய்கிறேன்’ என்று பையர் எழுதினால், அதை அவர் ஒப்புக்கொண்டார் என்று பொருளில்லை. எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் தடுக்கமாட்டேன் என்பதற்கும் அதே வாக்கியம்தான். விலை பேசும்போது இந்த வேறுபாடு தெரியாமல், சம்மதித்துவிட்டார் என்று துணிக்கு ஆர்டர் போட்டுவிடக் கூடாது.

விதி, சட்டம், தேதி என்றால் கடைப்பிடிப்பது. அரசமைப்பின் 51ஏ பிரிவு, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளில் முதலாவது, அரசமைப்பின்படி நடந்து, அதன் கொள்கைகளையும் நிறுவனங்களையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது. அங்கே இந்த வினைதான். மனத்தளவில் உயர்வாக நினைத்தால் மட்டும் போதாது, நடந்து காட்டவும் வேண்டும் என்று அது கேட்கிறது.

ஐரோப்பிய பையர்கள், குறிப்பாக பிரெஞ்சு பேசுகிறவர்கள், ‘டெலிவரி தேதியை ரெஸ்பெக்ட் செய்யுங்கள்’ என்று அடிக்கடி எழுதுவார்கள். அவர்கள் மொழியில் கெடுவைக் காப்பதற்கு அந்த வினையே வழக்கம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதைப் படித்துவிட்டு, நம்மை மரியாதை தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டாரே என்று முகம் வாடி, ‘சார், நாங்கள் எப்போதும் உங்களை மதிக்கிறோம்’ என்று பதில் எழுதினார். தேதியைப் பற்றி ஒரு வரி இல்லை. பையர் மறுநாள் தேதியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

இலக்கணத்தில் இரண்டு இடம் கவனியுங்கள்.

தமிழில் பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறோம், நான்காம் வேற்றுமை. அதனால் கை தானாக ‘ரெஸ்பெக்ட் டு எல்டர்ஸ்’ என்று எழுதுகிறது. வினையாக வரும்போது நடுவில் எதுவும் வராது: ‘ரெஸ்பெக்ட் எல்டர்ஸ்’. பெயராக வரும்போது ‘ரெஸ்பெக்ட் ஃபார் எல்டர்ஸ்’. ‘கிவ் ரெஸ்பெக்ட்’ என்று சொன்னால் புரியும், ஆனாலும் அவர்கள் வழக்கில் காட்டுவதே அதிகம்: ‘ஷோ ரெஸ்பெக்ட்’.

‘ஐ ஆம் ரெஸ்பெக்டிங் யூ’ வேண்டாம். நம் ‘மதிக்கிறேன்’ என்ற ஒரே வடிவம் இந்த நிமிடத்துக்கும் எப்போதைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் மனநிலையைச் சொல்லும் வினை வழக்கமாகத் தொடர் வடிவம் எடுக்காது. ‘ஐ ரெஸ்பெக்ட் யூ’ போதும்.

5. பெயர்ச்சொல்லில் கடைசி ‘ஸ்’ஸைக் கவனியுங்கள்

மதிப்பு என்ற பொருளில் இதற்குப் பன்மை கிடையாது. ‘மச் ரெஸ்பெக்ட்’ உண்டு, ‘மெனி ரெஸ்பெக்ட்ஸ்’ என்றால் ‘பல வகைகள்’ ஆகிவிடும்.

ஆனால் வணக்கம், அஞ்சலி என்ற பொருளில் எப்போதும் பன்மைதான். ‘பே மை ரெஸ்பெக்ட்ஸ்’ என்றால் நேரில் கண்டு வணக்கம் தெரிவிப்பது. ‘பே லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ்’ என்றால் இறுதி அஞ்சலி செலுத்துவது. அந்த ‘ஸ்’ஸை விடுவதே இங்கே நிரந்தரப் பிழை. அப்புச்சி (அம்மாவின் அப்பா) இறந்துவிட்டார் என்று விடுப்புக் கடிதம் வரும். ‘லாஸ்ட் ரெஸ்பெக்ட்’ என்று இருக்கும். அந்தக் கடிதத்தை மட்டும் நான் திருத்துவதில்லை, விடுப்பைக் கொடுத்துவிடுவேன். திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அடக்கத்துக்குப் போகாமல், சில நாள் கழித்துத் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் ‘லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ்’ என்று எழுதக் கூடாது. உடலுக்குச் செலுத்துவது அது. வீட்டாருக்குச் சொல்வது ‘கண்டோலன்சஸ்’.

6. ‘ரெஸ்பெக்டட் சார்’ எங்கே செல்லும், எங்கே செல்லாது

கொங்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் படியில்தான் மனம் கேட்காது. காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது.

நாம் மரியாதையை வாக்கியத்தின் வாலில் கட்டுகிறோம். ‘சரிங்க’, ‘ஆமாங்க’, ‘இல்லைங்க’, ‘ஏனுங்க’. காய்கறிக் கடைக்காரரிடமும் ‘ங்க’, கலெக்டரிடமும் ‘ங்க’, பள்ளிக்கூடம் போகிற குழந்தையைக்கூட ‘சாப்பிட்டீங்களா கண்ணு’ என்றுதான் கேட்கிறோம். வெளியூரிலிருந்து இங்கே வந்தவர்கள் முதல் வாரத்தில் கவனிப்பதே இதைத்தான். கோயம்புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் ‘கொஞ்சம் உள்ளே போங்க’ என்று திட்டினால்கூட அது வேண்டுகோள் மாதிரி இருக்கும்.

ஆங்கிலத்தில் இந்த வால் இல்லை. நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே ‘யூ’. ‘ங்க’ போட இடமில்லாத வாக்கியத்தை எழுதும்போது நமக்குக் கை கூசுகிறது. அந்தக் கூச்சத்தை ஈடுகட்ட, தலைப்பில் ‘ரெஸ்பெக்டட் சார்’, நடுவில் நான்கு ‘சார்’, வாக்கியத்துக்கு ஒரு ‘கைண்ட்லி’, கடைசியில் ‘யுவர்ஸ் ரெஸ்பெக்ட்ஃபுல்லி’. ஒரு கடிதத்தில் பதினொரு ‘சார்’ எண்ணியிருக்கிறேன். அதைப் பெற்றவர் ஒரு பெண்மணி.

தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம், மாவட்ட ஆட்சியருக்கு மனு, உள்ளூர் அலுவலகம் ஒன்றுக்கு விண்ணப்பம் என்றால் ‘ரெஸ்பெக்டட் சார்’ தாராளமாக எழுதுங்கள். இந்தியாவில் அது ஊன்றிய வழக்கு, யாரும் குறை சொல்லமாட்டார்கள். வெளிநாட்டு பையருக்கு வேண்டாம். அங்கே அந்த வழக்கம் இல்லை. படிப்பவருக்கு மனு வாங்குகிற அதிகாரியின் நாற்காலியில் உட்கார வைத்தது போலிருக்கும். ‘டியர்’ போட்டு, அவர் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

‘டியர் ரெஸ்பெக்டட் சார்’ என்று இரண்டையும் சேர்க்காதீர்கள். எங்கேயும் செல்லாது.

அப்படியானால் நம் ‘ங்க’வை எங்கே வைப்பது? வினைக்கு முன்னால் வையுங்கள். ‘அனுப்பு’ என்பதை ‘குட் யூ’ (அனுப்ப முடியுமா) என்று தொடங்கிக் கேள்வியாக்குங்கள். மறுக்க வேண்டியிருந்தால் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கி மறுங்கள். கேட்ட கேள்விக்கு அன்றே பதில் போடுங்கள். பதில் தெரியாவிட்டால் என்றைக்குத் தெரியும் என்றாவது எழுதுங்கள். ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லாமலே அது போய்ச் சேரும். நம்மூரிலும் ‘ங்க’ சொல்கிற நாம் ‘நான் உங்களுக்கு மரியாதை கொடுக்கிறேன்’ என்று வாயால் அறிவித்துக்கொண்டா இருக்கிறோம்?

7. ஒரே குடும்பம், வேறு வேறு குணம்

‘ரெஸ்பெக்டட்’ என்றால் மற்றவர்களால் மதிக்கப்படுகிறவர். ‘ரெஸ்பெக்ட்ஃபுல்’ என்றால் மற்றவர்களை மதிக்கிறவர். திசை நேர் எதிர். நன்னடத்தைச் சான்றிதழில் மாணவன் ‘ரெஸ்பெக்டட்’ என்று இருந்தால், ஆசிரியர்கள் அவனைக் கண்டு எழுந்து நிற்கிறார்கள் என்றாகும்.

‘ரெஸ்பெக்டபிள்’ பொல்லாதது. கௌரவமான, நாலு பேர் குறை சொல்லாத என்பது ஒரு பொருள். நல்ல குடும்பம் என்கிறோமே, அந்த வாடை. இன்னொரு பொருள், பரவாயில்லை என்று சொல்லும்படியான. கிரிக்கெட்டில் ‘ரெஸ்பெக்டபிள் ஸ்கோர்’ என்றால் பிரமாதம் இல்லை, மானத்தைக் காப்பாற்றிய ஓட்டங்கள். ஆகவே ‘ரெஸ்பெக்டபிள் சார்’ என்று எழுதினால் ‘ஏதோ பரவாயில்லாத ஐயா அவர்களுக்கு’ என்று படிக்கவும் இடமிருக்கிறது.

‘செல்ஃப் ரெஸ்பெக்ட்’ சுயமரியாதை. 1925ஆம் ஆண்டு ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வெளிவரத் தொடங்கியதும், அதே ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு பெரியாரின் சுயமரியாதை இயக்கம் வளர்ந்ததும் நமக்குத் தெரிந்ததே. ஆங்கிலத்தில் அந்த இயக்கத்தின் பெயரே ‘செல்ஃப் ரெஸ்பெக்ட்’ இயக்கம். ‘ஓன் ரெஸ்பெக்ட்’ என்று நீங்களாக ஒன்றை உண்டாக்க வேண்டாம்.

8. ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’: கை வைக்கும் முன் யோசியுங்கள்

சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உரிய மரியாதையுடன்’. ஆனால் இது வந்தால் அடுத்து மறுப்பு வருகிறது என்று பொருள். நம்மூரில் ‘நீங்கள் பெரியவர், நான் சொல்லக் கூடாது, இருந்தாலும்…’ என்று ஒருவர் தொடங்கினால் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்களே, அதே இடம்.

இதை வணக்கம் என்று நினைத்துக் கடிதத்தின் முதல் வரியில் வைத்து, ‘உங்கள் சாம்பிள் ஒப்புதல் கிடைத்தது’ என்று தொடர்ந்தவர்கள் இருக்கிறார்கள். படிப்பவர் சண்டைக்குத் தயாராகி, சண்டை வராமல் குழம்பிப்போவார். உண்மையிலேயே மறுக்க வேண்டியிருந்தாலும் இதை எழுத்தில் போடாதீர்கள். முகம் தெரியாத இடத்தில் இது குத்தலாகவே விழும். காரணத்தை முதலில் சொல்லி, மறுப்பைப் பின்னால் சொல்லுங்கள்.

9. இப்போது திரும்பி நடங்கள்: தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு

இதுவரை ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தோம். எதிர்த்திசையில் வேறு குழிகள் இருக்கின்றன. நம் ‘மரியாதை’யும் சாதாரணச் சொல் அல்ல. நோட்டில் புதிய பக்கம் எடுத்து, செய்தித்தாளில் ‘மரியாதை’ வரும் இடங்களை ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

முதலமைச்சரை ஒருவர் ‘மரியாதை நிமித்தமாக’ச் சந்தித்தால் அது ‘கர்ட்டஸி கால்’. ஒருவர் ‘அரசு மரியாதையுடன்’ அடக்கம் செய்யப்பட்டால் ‘ஸ்டேட் ஆனர்ஸ்’. விருந்தாளிக்கு ‘அணிவகுப்பு மரியாதை’ என்றால் ‘கார்டு ஆஃப் ஆனர்’. திருவிழாவில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டுத் தருகிற கோயில் மரியாதையும் ‘ஆனர்ஸ்’ பக்கம்தான். இந்த நான்கிலும் ‘ரெஸ்பெக்ட்’ போட்டால் ஒன்றுகூட நிற்காது. மனத்தில் இருப்பது ‘ரெஸ்பெக்ட்’. சடங்காகச் செய்து காட்டுவது ‘ஆனர்’. நல்ல பழக்கமாக நடந்துகொள்வது ‘கர்ட்டஸி’. தமிழ் இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொள்கிறது.

‘மானம் போய்விட்டது’ என்பதை ‘மை ரெஸ்பெக்ட் இஸ் கான்’ என்று எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் உங்கள் மீதான ‘ரெஸ்பெக்ட்’ அடுத்தவர் மனத்தில் இருக்கிறது, உங்கள் சட்டைப்பையில் இல்லை. அவமானப்பட்டேன் என்று நேராக எழுதுங்கள்.

‘மரியாதையாகப் போய்விடு’ என்ற நம் மிரட்டலுக்கு அகராதியில் இடமே இல்லை. ஒருமுறை தறிக்கூடத்து வாசல் சண்டை ஒன்றைப் புகாராக ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் வரைவில் ‘அவர் என்னைப் பணிவுடன் கிளம்பச் சொன்னார்’ என்று இருந்தது. எதிராளி கையில் கம்பு இருந்தது அடுத்த வரியில் வருகிறது. ‘மிரட்டினார்’ என்று மாற்றிக் கொடுத்தேன்.

10. வாயில் வரும்போது

இது சின்னப் படி. அழுத்தம் இரண்டாவது அசையில்: ‘ரிஸ்பெக்ட்’. முதல் அசையை ‘ரெஸ்’ என்று தூக்கிச் சொல்வது நம் வழக்கம். தொலைபேசியில் அது கேட்பவரைச் சற்றுத் தடுமாற வைக்கும். முடிவில் உகரம் சேர்த்து ‘ரெஸ்பெக்ட்டு’ என்று இழுக்காமல் ‘க்ட்’ என்று நறுக்கிவிடுங்கள். ‘ரிஸ்பெக்டிட்’ என்பதில் கடைசி ‘இட்’ தனி அசை, அதை விழுங்கக் கூடாது.

11. பழைய கடிதங்களுக்குத் திரும்புங்கள்

தொடக்கத்தில் எடுத்து வைத்தவற்றில் நீங்கள் எழுதிய பத்துக் கடிதங்களை இப்போது எடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ‘ரெஸ்பெக்ட்’ குடும்பச் சொல்லை அடித்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். பொருள் குறையாவிட்டால் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். குறைந்தால், பொறுத்து, குறித்து, விதத்தில், முறையே, கடைப்பிடி, மதி, அஞ்சலி ஆகியவற்றில் எது அங்கே உட்காருகிறது என்று பென்சிலால் தமிழில் எழுதிவிட்டு, பிறகு சரியான ஆங்கில வடிவத்தைத் தேடுங்கள். தமிழில் ஒரு சொல் உட்காராத இடத்தில் ஆங்கிலத்திலும் நீங்கள் நினைத்தது ஒன்று, எழுதியது வேறு என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்களுக்குப் பத்தில் ஆறேழு அடிபட்டுப் போகும். எம்முக்கும் எல்லுக்கும் ஒரே 30 போட்டாரே, அவருடைய பத்தில் ஒன்பது அடிபட்டன. மிஞ்சியது அந்தப் பெட்டி எண்ணிக்கை மெயில். அதில் விட்டுப்போன 30ஐப் பென்சிலால் இடையில் நுழைத்து, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார்.